ஏழாம் பக்கத்து ஓட்டை

ஜூன் 4

சம்பந்திக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. என் மகளும் உங்கள் மகனும் போட்ட தடைப்படி போனில் கூப்பிடாமல் எழுதுகிறேன். காகிதத்தில் எழுதினால் நம் இருவருக்கும் கோபம் ஆறிவிடும் என்று அந்தப் பிள்ளைகள் நம்புகிறார்கள். எட்டு மாதமாக எழுதுகிறோம், ஒரு தடவையாவது ஆறியிருக்கிறதா?

முந்தாநாள் நான்கு மணி நேரம் பஸ்ஸில் போனேன். குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதும் முப்பத்தொரு வயதுப் பெண்ணைத் தேடிப் போனேன். பட்டம் இல்லை, சிபாரிசு இல்லை, காலத்தின் திசையைப் பற்றிப் பதினொரு பக்கம் தானே எழுதி, உங்கள் பழைய கடை மாடியில் நடக்கும் நம் ஆராய்ச்சி வீட்டுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அவளைக் கையோடு அழைத்து வரப் போனேன். முகவரியில் கிடங்கும் இல்லை, பெண்ணும் இல்லை. ஒரு குழாய்க்கடை இருந்தது. பலகையில் உங்கள் கடையின் அதே நீல எழுத்து.

கல்லாவில் இருந்தவரிடம் கேட்டேன்.

"அந்தப் பேருக்குத் தபால் வரும்மா. ஆள் யாருன்னு எங்களுக்குத் தெரியாது. வந்தா பிரிக்காம முதலாளிக்கு அனுப்பிடணும்னு உத்தரவு."

"எத்தனை வந்துச்சு?"

"ஆறு இருக்கும். நீங்க அவங்க அம்மாவா?"

நான் அவளுடைய அம்மா இல்லை. அவளைப் பெற்றவர் நீங்கள் என்று இப்போது தெரிகிறது.

இங்கே என்ன நடக்கிறது என்று தெரியுமா? அந்த ஆறு கடிதங்களையும் எழுதியவர் மூன்றாம் அறைக்காரர். எந்நேரமும் ஜன்னலில் நிற்பதால் தெருவே 'ஜன்னல் சார்' என்று கூப்பிடும் மனிதர். அந்தப் பதினொரு பக்கத்தைப் படித்து, ஏழாம் பக்கத்தில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்த மூன்றாவது வாரம் என்னிடம் வந்து, "நான் அறையைக் காலி பண்றேன். இந்தப் பெண்ணுக்குக் கொடுங்க. இங்க இருக்கவேண்டியது அவங்கதான்" என்றார். இம்மாதம் முப்பதாம் தேதியோடு கிளம்புகிறார். பெட்டி கட்டியாகிவிட்டது.

இல்லாத ஒருத்திக்காக. ஐந்து வருடத்துக்கு முன், 'மாடியில் இருப்பவர்களிடம் என்ன செய்கிறாய் என்று நானோ வேறு யாரோ கேட்கமாட்டோம்' என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதம் என் மேஜையில்தான் இருக்கிறது. இப்படிச் செய்ததற்கு என்ன காரணம் என்று எழுதுங்கள். சமாதானம் எழுத வேண்டாம்.

சம்பந்தி


ஜூன் 7

சம்பந்தியம்மாவுக்கு,

ஆமாம், நான்தான். ஒளிக்க ஒன்றுமில்லை. காரணம் கேட்டீர்கள், சொல்கிறேன்.

என் கடையில் புதிதாக ஒரு ஆளைச் சேர்த்தால் முதல் வாரத்தில் ஒரு வேலை செய்வேன். பன்னிரண்டு குழாய் உள்ள பெட்டியில் விரிசல் விட்ட ஒன்றை வைத்து, "இதைக் கட்டிக் கொடுப்பா" என்பேன். "முதலாளி, இதுல ஒண்ணு விரிசல்" என்று சொல்பவன் நிற்பான். பார்க்கத் தெரியாதவனுக்குக் கற்றுக்கொடுப்பேன். பார்த்துவிட்டும் வாயை மூடிக்கொண்டு கட்டுகிறானே, அவனை அன்றைக்கே அனுப்பிவிடுவேன். முப்பது வருஷத்தில் இந்தச் சோதனை என்னைக் கைவிட்டதில்லை.

அதைத்தான் மாடிக்கும் செய்தேன். டியூஷன் வாத்தியார் ஒருவரைப் பிடித்தேன். ஏதோ பழைய புத்தகத்திலிருந்து ஒரு வாதத்தை எடுத்து, நடுவில் விரிசல் வைத்து எழுதிக் கொடுத்தார். கிடங்குக் கணக்குக்காரி, பட்டம் இல்லாதவள் என்பதெல்லாம் என் சரக்கு. ஏழை பாழை எழுதினால் குப்பையில் போடுகிறீர்களா என்று பார்க்கவேண்டாமா?

நீங்கள் கொதிக்கிறீர்களே, என் பக்கமும் கொஞ்சம் யோசியுங்கள். பிள்ளைகள் கல்யாணத்தில் பந்தல் ஓரமாக நாம் இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். என்ன ஆராய்ச்சி செய்கிறீர்கள் என்று சும்மா கேட்டேன். "நேரம் நிஜமாவே ஓடுதா, ஓடுறதா நாம நினைச்சுக்கறோமான்னு இன்னும் யாருக்கும் தெரியாது" என்றீர்கள். நான் திறந்த வாயை மூடவில்லை. படித்தவர்களுக்கு எல்லாம் தெரிந்து முடிந்துவிட்டது, எட்டாவதோடு நின்ற எனக்குத்தான் பாக்கி என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த மயக்கத்தில்தான் பழைய கடைக்கு மேல் மாடியைக் கொடுத்தேன். நான்கு அறை, நான்கு பேர், கேள்வி கிடையாது.

ஐந்து வருஷம் கேட்கவில்லை, அம்மா. ஊரில் எவனாவது, "மாடியில என்ன நடக்குது?" என்றால், "யோசிக்கறாங்க" என்பேன். "என்னத்தை?" என்பான். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு வாஷரைக்கூடத் தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்க்காமல் நான் விற்றதில்லை. உங்கள் நான்கு பேரை மட்டும் மூடிய பெட்டியாகவே வைத்திருக்கவேண்டுமா?

சரி, சோதனை முடிந்தது. விரிசலை ஜன்னல் சார் கண்டுபிடித்துவிட்டார் என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. தேறிவிட்டார்! தேறியவர் ஏன் பெட்டி கட்டுகிறார்? அதை முதலில் சொல்லுங்கள். அந்த மனிதரை நீங்கள் எல்லோரும் செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் சம்பந்தி


ஜூன் 10

சம்பந்திக்கு,

'தேறிவிட்டார்' என்ற சொல்லைப் படித்ததும் காகிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு பொறுக்கி எடுத்து நீவிப் படித்தேன். பதில் எழுதவேண்டியிருக்கிறதே.

ஏன் பெட்டி கட்டுகிறார் என்று கேட்டீர்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். நேரத்துக்கு ஏன் ஒரே திசை என்பது கேள்வி. நேற்று நமக்கு நினைவிருக்கிறது, நாளை நினைவில்லை, ஆகவே நேற்று முன்னால் நாளை பின்னால் என்று அந்தப் பதினொரு பக்கம் வாதாடுகிறது. ஏழாம் பக்கத்தில் ஒரு வரி: 'நினைவு என்பது முன்பு நடந்ததன் தடம்.' முன்பு என்றால் என்ன என்று நிரூபிக்கப் புறப்பட்டுவிட்டு, அந்த 'முன்பை'யே நடுவில் கொண்டுவந்து செருகியாகிவிட்டது. குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க, நாமே மேலிருந்து ஒரு வாளி ஊற்றிவிட்டுக் கீழே திறந்து பார்ப்பதுபோல.

இதை அவர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். சிரித்துக்கொண்டே என்னிடம் காட்டினார். காட்டிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு நின்றது. திரும்பி எழுதுபலகையைப் பார்த்தார். அதில் அவருடைய ஒன்பது வருட வேலை இருக்கிறது. கல்லூரியில் நான்கு வருடம், ஒன்றும் வெளியிடவில்லை என்று அங்கிருந்து அனுப்பியபின் இங்கே ஐந்து வருடம். பலகை முன்னால் போய் நின்றார். வலது மூலையிலிருந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்கேயும் அதேதான்மா. நான் கொஞ்சம் ஆழமாப் புதைச்சு வெச்சிருக்கேன். அவ்வளவுதான் வித்தியாசம். நான் ஒன்பது வருஷத்துல வந்து நின்ன இடத்துக்கு அவங்க கணக்கு எழுதிக்கிட்டே வந்துட்டாங்க."

அதைச் சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பலகை முழுவதையும் துடைத்தார். சுண்ணாம்புப் பொடி அறை முழுக்கப் பறந்தது. நான் தடுக்கவில்லை. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அழுத்தம் கொடுத்துப் பார்ப்பது வார்த்து முடித்து, ஆறி, கடைக்கு வந்த குழாயை. உலையில் உருகிக்கொண்டிருப்பதற்குள் யாராவது தண்ணீரை ஊற்றிச் சோதிப்பார்களா? வெடிக்கும்.

இன்னொன்று. கணக்குக்காரியிடமிருந்து அவருக்கு ஒரே ஒரு பதில் வந்ததாம். பொக்கிஷம்போல் வைத்திருந்தார், நேற்று காட்டினார். டியூஷன் வாத்தியாரை அந்த ஊர்க் கடைக்காரர் மூலம் பிடித்துப் பேசினேன். பதினொரு பக்கம் தவிர வேறெதுவும் எழுதவில்லை என்று சத்தியம் செய்கிறார். அவர் சத்தியம் செய்திருக்கவே வேண்டாம். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். நம் பிள்ளைகளின் புண்ணியத்தில் எட்டு மாதமாக அதைத்தான் படித்துத் தலைவலி வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

சோதனை விண்ணப்பத்தோடு முடிந்திருக்கவேண்டும். பதில் எதற்கு எழுதினீர்கள்?

சம்பந்தி


ஜூன் 13

சம்பந்தியம்மாவுக்கு,

போலீஸ் வேலைக்குப் போயிருக்கவேண்டியவர் நீங்கள். தவறிப்போய்த் தத்துவத்துக்கு வந்துவிட்டீர்கள்.

பதில் எழுதியது நான்தான். ஏன் என்று கேட்கிறீர்கள். முதல் கடிதம் வந்தபோது சிரித்தேன். 'மதிப்புக்குரிய அம்மணிக்கு' என்று ஆரம்பித்திருந்தார். கல்லாவில் உட்கார்ந்தபடி படித்தேன், பாதி புரியவில்லை. இரண்டாவது வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். மூன்றாவதில் ஒரு இடம்: 'உங்கள் வேலைக்கு நடுவே இதையெல்லாம் யோசிக்க நேரம் எப்படிக் கிடைக்கிறது? எனக்கு நேரத்தைத் தவிர வேறெதுவும் இல்லை, ஆனால் உங்கள் அளவுக்கு யோசிக்கவில்லை' என்று எழுதியிருந்தார். அதற்குமேல் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. கிடங்குக்குள் போய் உட்கார்ந்தேன்.

அங்கே பழைய சரக்கில் இரண்டு பெட்டி, லேபிள் போயிருந்தது. எது முதலில் வந்தது என்று கிடங்கு ஆளிடம் கேட்டேன். "தூசி ஜாஸ்தியா இருக்கறதுதான் பழசு முதலாளி" என்றான். முப்பது வருஷமாக நானும் அப்படித்தான் சொல்லி வருகிறேன். அன்றைக்கு மட்டும் மண்டைக்குள் ஏதோ இடறியது. தூசி கூடிக்கொண்டே போகும் என்று நமக்கு யார் சொன்னது? இன்றைக்குப் பார்த்தோம், நாளைக்குப் பார்த்தோம், கூடியிருந்தது என்கிறோம். அந்த நாளை அங்கே எப்படி வந்தது? சரி, தூசியே விழாத ஒரு கிடங்கு. துரு இல்லை, எலி இல்லை, எறும்பு இல்லை, எதுவும் எந்த விதத்திலும் மாறவில்லை. பூட்டிக் கிடக்கிறது. அதற்குள் நாள் போகிறதா, போகவில்லையா?

இதைத்தான் கணக்குக்காரி எழுதுவதாக எழுதிப் போட்டேன். சோதனைக்காக இல்லை. எனக்கே தெரிந்துகொள்ளவேண்டும் போலிருந்தது. நான்காம் நாள் பதில் வந்தது. முதல் வரி: 'இது நல்ல கேள்வி.'

அம்மா, எனக்கு ஐம்பத்தெட்டு வயது. விலை கேட்டிருக்கிறேன், வழி கேட்டிருக்கிறேன், கடன் கேட்டிருக்கிறேன். நான் கேட்டதை 'நல்ல கேள்வி' என்று ஒரு ஆள் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் எனக்குச் சொல்லவில்லை, அந்த இல்லாதவளுக்குச் சொல்லியிருக்கிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குப் புரியாது. பிறந்ததிலிருந்து உங்களை எல்லோரும் கெட்டிக்காரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

என்னை அத்தனை கேள்வி கேட்டீர்களே, நான் ஒன்று கேட்கிறேன். இந்த ஐந்து வருஷத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்? அந்தப் பந்தலில் என்னிடம் கண்ணெல்லாம் மின்னச் சொன்ன விஷயம் என்ன ஆயிற்று? சாவி வைத்திருக்கிறீர்கள், விளக்கு போட்டதற்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள், புது விண்ணப்பம் படிக்கிறீர்கள். ஒரு வரி எழுதினீர்களா? 'யாரும் எதுவும் கேட்கக் கூடாது' என்ற விதி அந்த நான்கு பேருக்குக் குடை. உங்களுக்கு முக்காடு. நான் வியாபாரி, எவன் எதற்குப் பின்னால் ஒளிகிறான் என்று பார்த்தே பிழைத்தவன்.

ஜன்னல் சாரிடம் நான் சொல்லமாட்டேன். சொன்னால் அவர் உடைந்துபோவார். வேறு ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, வெளியூர் போய்விட்டாள் என்று சொல்லுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஜூன் 17

சம்பந்திக்கு,

'அவர் உடைந்துபோவார்' என்று எழுதுகிறீர்கள். நீங்கள் பயப்படுவது அவர் உடைவதற்கா, அவரிடமிருந்து உங்களுக்கு வரும் கடிதங்கள் நின்றுபோவதற்கா? உள்ளதை எழுதுங்கள்.

பொய்க்கு இன்னொரு பொய்யைக் கல்யாணம் செய்துவைக்கச் சொல்கிறீர்கள். நான் ஐயர் இல்லை, அதற்கு வேறு ஆளைப் பாருங்கள்.

அவர் இங்கிருந்து எங்கே போவார் தெரியுமா? அவருடைய அண்ணன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டில். அண்ணன் நடத்தும் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. கல்யாணப் பத்திரிகைகளில் பிழை திருத்திக்கொண்டு மீதிக் காலத்தைக் கழிப்பார். மறுபடி பலகை முன்னால் நிற்கமாட்டார். ஐம்பது வயதில் ஒருமுறை துடைத்த பலகையில் இன்னொரு முறை எழுத, பக்கத்தில் ஆள் வேண்டும். அந்தப் பெண் வருவாள், அவள் எழுதுவாள், தூரத்திலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பதுதான் இப்போது அவருக்கு இருக்கும் ஒரே தெம்பு. முப்பதாம் தேதி யாரும் வரப்போவதில்லை.

முக்காடு என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு நாள் அந்தக் கடிதத்தைத் தொடவில்லை. உங்கள்மேல் எனக்கு இருக்கும் ஆத்திரத்தில் பாதி அந்த ஒரு சொல்லுக்காகத்தான். அது உண்மை என்பதற்காக. ஐந்து வருடமாக நான் ஒரு வரியும் எழுதவில்லை. மற்றவர்களுக்கு நிழல் தருகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன், எனக்கு நானும் சொல்லிக்கொண்டேன். போதுமா? இதைப் படித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் அதனால் நீங்கள் தப்பிக்கமுடியாது. நான் சொன்னால் அது கோள். உங்கள் வாயால் வந்தால்தான் அது உண்மை. இருபத்தைந்தாம் தேதிக்குள் நீங்கள் அவரிடம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் நால்வரையும் கூட்டி உட்காரவைத்து, உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் உரக்கப் படிப்பேன். 'வெற்றிலை' வரைக்கும் என் கடிதங்களையும் சேர்த்தே படிப்பேன்.

சம்பந்தி


ஜூன் 21

சம்பந்தியம்மாவுக்கு,

முந்தாநாள் அங்கே வந்தேன். உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வங்கிக்குப் போயிருந்த நேரம்.

கீழே கடை வாசலில் ஷட்டரைத் தூக்குவதுபோல் நின்றுகொண்டு மேலே பார்த்தேன். ஜன்னலில் அவர் இருந்தார். நான் படியில் கால் வைப்பதற்குள் அவரே இறங்கி வந்துவிட்டார். ஐந்து வருஷத்தில் அவர் எனக்காக இறங்கி வந்தது அன்றைக்குத்தான். செருப்புகூடப் போடவில்லை.

"உங்களைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க அந்தப் பக்கம் அடிக்கடி போவீங்கள்ல?"

"எந்தப் பக்கம்?"

"அங்க ஒரு குளிர்பதனக் கிடங்கு இருக்காம். ஒரு அம்மா கணக்கு எழுதறாங்க. போற வழியில இதைக் கொடுத்துடறீங்களா? தபால்ல போட்டா தொலைஞ்சிடும்னு பயமா இருக்கு."

என்ன கொடுத்தார் தெரியுமா? அறைச் சாவி. துணியில் சுற்றி வைத்திருந்தார்.

"அவங்க வரும்போது நான் இருக்கமாட்டேன். ஜன்னல் கதவு மழைக்கு இறுகிக்கும், கீழே ஒரு தட்டு தட்டினாத் திறந்துக்கும்னு சொல்லிடுங்க."

எத்தனை பேரை எதிரில் உட்காரவைத்து விலை பேசியிருக்கிறேன்! சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். முதல் தடவையாக அவரை 'சார்' என்றேன், அதுவும் ஓடும்போது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்கு வந்த கோபத்தில் முன் சீட்டுக் கம்பியைக் குத்தினேன். விரல் வீங்கியிருக்கிறது. கையெழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம், அதையும் துப்பறியாதீர்கள்.

என்மேல் கோபம். உங்கள்மேலும் கோபம். எனக்கு அந்த மனிதரோடு ஐந்து வருஷம் முன்னாலேயே பேசவேண்டியிருந்தது. உங்கள் விதி குறுக்கே நின்றது. படியேறி, "என்ன சார் பண்றீங்க?" என்று கேட்டிருந்தால் இந்தக் கணக்குக்காரி பிறந்தே இருக்கமாட்டாள்.

இத்தோடு ஒட்டிய உறை ஒன்று வைத்திருக்கிறேன். அவருக்கு. எல்லாம் எழுதிவிட்டேன், சோதனை, வாத்தியார், பதில், கிடங்குக் கேள்வி என்னுடையது என்பது. மன்னிப்பு கேட்கவில்லை, கேட்டால் இன்னொரு சரக்கை விற்பதுபோல் இருக்கும். சாவியும் உள்ளே இருக்கிறது. பிரிக்காமல் கொடுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஜூன் 27

சம்பந்திக்கு,

கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று படித்தார். இரண்டு முறை படித்தார். சாவியை மேஜைமேல் வைத்தார்.

"யாரு? கீழ்க் கடைக்காரரா?"

"ஆமாம்."

"அன்னிக்குச் சாவியை வாங்கிக்கிட்டு, 'சரிங்க சார்'ன்னாரே, அவரா?"

"ஆமாம்."

"ஆறு கடிதம் எழுதினேன்மா. எங்க அம்மாவுக்குக்கூட நான் ஆறு கடிதம் எழுதினதில்லை."

அதற்குப் பிறகு கத்தினார். அந்த மனிதருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. மற்ற மூவரும் அறைகளை விட்டு ஓடி வந்தார்கள். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். உங்களைத் திட்டினார். எழுதத் தகாதவற்றை விட்டுவிடுகிறேன். நடுவில் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"சோதிக்கணும்னா மேல வந்து கேட்டிருக்கலாம்ல? 'என்னய்யா பண்றே'ன்னு கேட்டிருக்கலாம்ல? ஒன்பது வருஷத்துல ஒரு ஆள் என்கிட்ட அதைக் கேக்கலை. காலேஜ்ல 'எத்தனை வெளியிட்டே'ன்னு கேட்டாங்க. இங்க அதுவும் கேக்கலை. நீங்க தினமும் என் அறை வாசல் வழியாத்தானே போவீங்க? ஒரு நாள் உள்ள வந்து, 'இந்த வரி ஏன்?'னு கேட்டிருந்தீங்கன்னா நாலாவது மாசமே அந்த ஓட்டை தெரிஞ்சிருக்கும். உங்களுக்கு மரியாதை முக்கியம். போங்க."

போங்க என்றால் போகவேண்டியதுதானே? போகவில்லை. எனக்கும் கோபம் வந்தது. "இந்த வரி ஏன்னு கேக்க அங்க வரி எங்க இருக்கு? துடைச்சிட்டீங்களே!" என்றேன். விருட்டென்று பலகை பக்கம் போனார், என்மேல் இருந்த ஆத்திரத்திலேயே எழுத ஆரம்பித்தார். ஓட்டை இருந்த இடம்வரை எழுதினார். சுண்ணாம்புக்கட்டி மூன்று தடவை உடைந்தது. அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு, "இப்ப கேளுங்க" என்றார். கேட்டேன். சாயங்காலம் வரை சண்டை போட்டோம். என் பழைய நோட்டை எடுத்து வந்து காட்டினேன். அதில் மூன்று இடத்தில் தப்பு என்றார், இரண்டு நிஜமாகவே தப்பு.

கிளம்பவில்லை. "இல்லாத ஆளுக்கு என் அறையை நான் ஏன் கொடுக்கணும்?" என்கிறார். பெட்டி இன்னும் பிரிக்கவில்லை, ஆனால் அதன்மேல் காகிதங்களை அடுக்க ஆரம்பித்திருக்கிறார்.

எல்லாம் சுபம் என்று நினைத்து நிமிர்ந்து உட்காராதீர்கள். ஒன்பது வருடம் போனது போனதுதான். நம்மிடம் இருந்ததிலேயே இளையவள், தர்க்கம் படித்த பெண், நேற்று போய்விட்டாள். "எப்போ எதை வெச்சு நம்மளைச் சோதிக்கறாங்கன்னு தெரியாத இடத்துல எனக்கு யோசனை வராது" என்றாள். கெஞ்சிப் பார்த்தேன். நால்வரில் கெட்டிக்காரி அவள்தான் என்பது என் எண்ணம். அவள் போனது உங்கள் பொறுப்பு. அந்தப் பாரத்தை உங்களோடு பங்கு போட்டுக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை.

விதிக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன். இனி இங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்கலாம். எதிரில் நின்று, சொந்தப் பெயரில் கேட்கவேண்டும். அது எனக்கும் பொருந்தும், உங்களுக்கும் பொருந்தும்.

உங்களுக்கு ஒரு சீட்டு கொடுத்தார். இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்தே வாக்கியம். இதற்குப் பதில் கண்டுபிடிக்காமல் நீங்கள் மாடிப்படியை மிதிக்கக் கூடாதாம்.

சம்பந்தி


ஜூலை 1

சம்பந்தியம்மாவுக்கு,

அந்தப் பெண் போனதற்கு நான்தான் காரணம், ஒப்புக்கொள்கிறேன். அவள் ஊர் விலாசம் அனுப்புங்கள். ஆள் வைத்து அல்ல, நானே போய் அவள் வீட்டு வாசலில் நின்று சொல்கிறேன். கதவைச் சாத்தினால் சாத்தட்டும்.

இப்போது இந்தச் சீட்டு. இதைப் படித்ததிலிருந்து கடையில் நான் போடும் கூச்சலில் பாதி ஆட்கள் லீவு கேட்கிறார்கள்.

'உங்கள் கேள்வியில் ஓட்டை. எதுவும் மாறாத கிடங்கு என்கிறீர்கள். பூட்டியவர் யார்? அவர் வெளியே கடிகாரத்தோடு நிற்கிறார். அந்தக் கடிகாரத்தை வைத்துக்கொண்டுதான் உள்ளே நாள் போகிறதா என்று கேட்கிறீர்கள்.'

இதென்ன நியாயம்? கணக்குக்காரி கேட்டபோது 'நல்ல கேள்வி'. அதே கேள்வியைக் குழாய்க்காரன் கேட்டால் ஓட்டையா? ஆளைப் பார்த்து விலை சொல்லும் கடைக்காரனை நான் எவ்வளவு கேவலமாகப் பேசுவேன் தெரியுமா? அவர் அதைத்தான் செய்கிறார். இதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். ஒரு சொல் மாற்றாமல்.

இரண்டு நாள் எரிச்சலில் திரிந்தேன். மூன்றாம் நாள் அவர் சொன்னது சரி என்று தெரிந்தது, அதில் எரிச்சல் இன்னும் கூடியது. ஆமாம், நான் வெளியேதான் நிற்கிறேன். என் கையில் கடிகாரம் ஓடுகிறது. நியாயம்தான். ஆனால் அதோடு விடுவேனா? நானும் உள்ளேயே போய்விட்டால்? வெளியே ஆள் இல்லை, கடிகாரம் இல்லை, வெளி என்பதே இல்லை. உலகம் மொத்தமும் அந்த ஒரு கிடங்கு. எதுவும் மாறவில்லை. இப்போது 'நாள் போகிறதா' என்று கேட்க ஆளே கிடையாது. கேட்க ஆள் இல்லை என்பதால் நாள் போகவில்லை என்று ஆகிவிடுமா? அவர் என் கேள்வியைக் கொல்லவில்லை, அம்மா. பூட்டை மட்டும் கழற்றியிருக்கிறார். அதை எழுதி மூன்று பக்கம் ஆயிற்று. என் எழுத்தைப் படித்து உங்களுக்குத் தலைவலி வரவேண்டாம், நேராக அவரிடமே கொடுங்கள். அடியில் என் சொந்தப் பெயரைப் போட்டிருக்கிறேன்.

இது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். பதில் கண்டுபிடிக்காமல் படி மிதிக்கக் கூடாது என்றாரே, மிதிக்கவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கீழே கடை வாசலில் நிற்பேன். அன்றைக்கு 'சரிங்க சார்' என்று சாவியை வாங்கிக்கொண்டு ஓடினவன் என்று நினைத்துக்கொண்டு வரவேண்டாம் என்று சொல்லுங்கள். எனக்குத் தொண்டை இருக்கிறது. அவருக்கும் இருக்கிறது என்று இப்போது தெருவுக்கே தெரியும்.

செருப்பு போட்டுக்கொண்டு இறங்கி வரச் சொல்லுங்கள். நேரமாகும்.

உங்கள் சம்பந்தி